ஒன்றரை டன் கணக்கு

பி.காம். படித்தவன் கணக்கில் கோட்டை விடுவானா? விட்டேன் சார்!

போன மே மாசம் அப்பா அறைக்கு ஏ.சி. வாங்கினேன். "ஒன்றரை டன்னா? சுவர் தாங்குமாடா?" என்றார். சிரித்துவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. வாட்டில் 3,517. ஒன்றரைக்கு 5,275. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 42 யூனிட்! ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்பா ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து நாள் கழித்து மெக்கானிக் வந்தார். "அது ரூமிலிருந்து வெளியே தள்ற சூடு சார். இழுக்கிற கரன்ட் தனியா எழுதியிருக்கே, பார்க்கலையா?" பார்த்தேன். சுமார் 1,500 வாட். எட்டு மணிக்கு 12 யூனிட்! ஏ.சி. சூட்டை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். மூட்டை தூக்குகிறவருக்குக் கூலிதானே தருகிறோம், மூட்டை விலையா?

அப்பா கேட்டதும் தப்பில்லை. டன் நிஜமாகவே எடைதான், ஐஸின் எடை. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் சூடுதான் 'ஒரு டன்'.

அன்றே பீரோவைத் திறந்தேன். காலையில் அப்பா சொன்னார்: "குளிருதுடா, ஃபேனே போதும்."