பள்ளிக்கூடத்தில் பீரங்கி எதற்கு?

ஸ்டார் ட்ரெக் பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பஞ்சாயத்து கட்டாயம் நடக்கும். டிஃபையன்ட் கப்பல் ஸ்டார்ஃப்ளீட்டுக்கே அவமானம், ஜீன் ராடன்பெரியின் கனவுக்கு வைத்த வேட்டு, கப்பல் என்றால் பிக்கார்டின் எண்டர்பிரைஸ்தான் என்று ஒரு கோஷ்டி கொடி பிடிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது. எதிர்க்கட்சி என் சொந்தப் பையன். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1987-ல் ஆரம்பித்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் வரும் எண்டர்பிரைஸ், கேலக்ஸி வகைக் கப்பல். 42 தளங்கள், ஆயிரம் பேருக்கு மேல் ஜனம். ஆராய்ச்சிக்கூடம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சலூன், தோட்டம் எல்லாம் உண்டு. அதிகாரிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் நடத்துகிறார்கள். கூடவே ஃபேசர், ஃபோட்டான் டார்பிடோ. 1994-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வந்த டிஃபையன்ட் இதற்கு நேர் எதிர். குட்டிக் கப்பல். எஞ்சின், ஆயுதம், படுக்க அடுக்குக் கட்டில். அவ்வளவுதான். குழந்தை குட்டி கிடையாது.

நான் டிஃபையன்ட் கட்சி. ரிஜிஸ்டரில் அதற்கும் 'எஸ்கார்ட்', அதாவது துணைக்குப் போகும் கப்பல் என்றுதான் பெயர். ஆனால் சிஸ்கோ முதல் நாளே, அது போர்க்கப்பல், வேறொன்றுமில்லை என்று போட்டு உடைத்துவிடுகிறார். எனக்கு அந்த நேர்மை பிடிக்கிறது. எண்டர்பிரைஸோ, ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டே வாராவாரம் எவனோடாவது மல்லுக்கு நிற்கும். கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்கும்.

குடும்பத்தைக் கூட்டிப்போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் வாங்கி, ஊர் ஊராக டி.சி.யும் கேஸ் கனெக்‌ஷன் பேப்பரும் தூக்கி அலைந்தவன் நான். வருஷக்கணக்கில் தூரதேசம் போகிறவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கூட இருக்கட்டும் என்று நினைத்த புண்ணியவானைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் வடகிழக்கில் ஒரு இடத்துக்குப் போஸ்டிங் வந்தபோது, விசாரித்துப் பார்த்துவிட்டுக் குடும்பத்தை நாக்பூரிலேயே விட்டுவிட்டுத் தனியாகத்தான் போனேன். இரண்டு வருஷம் மெஸ் சாப்பாடு. இவனுக்கு அப்போது ஏழு வயது. போனில் அழுவான். அந்த இரண்டு வருஷம் போனது போனதுதான், திரும்ப வரவில்லை. இருந்தாலும் அந்த முடிவு தப்பென்று இன்றுவரை தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எண்டர்பிரைஸை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அந்தக் கப்பலை இரண்டாகப் பிரிக்கலாம். குடும்பங்கள் இருக்கும் தட்டுப் பகுதி ஒரு பக்கம் போய்விட, எஞ்சின் பகுதி சண்டைக்குப் போகும். முதல் கதையிலேயே பிக்கார்ட் தட்டுப் பகுதியை வோர்ஃப் பொறுப்பில் அனுப்பிவிட்டுத்தான் க்யூவை எதிர்கொள்கிறார். சபாஷ். அப்புறம்? ஏழு சீஸனில் மொத்தம் மூன்றே கதைகளில்தான் பிரித்தார்கள். 1990-ல் போர்க் படையோடு மோதியபோது பிரித்தார்கள், ஆனால் தட்டுப் பகுதியையும் சண்டைக்கு இழுத்துவிட்டார்கள்! எங்கள் தொழிலில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். இரண்டையும் ஒரே கொத்தில் மாட்டி மேனேஜர் மேஜையில் போட்டு வைத்தால் அந்த ஏற்பாடு எதற்கு?

இதற்குக் கொடுத்த விலைதான் உல்ஃப் 359. போர்க் கனசதுரத்தைத் தடுக்க 40 கப்பல்கள் போய், 39 அழிந்தன. கிட்டத்தட்ட 11,000 பேர் பலி. அதில் சாரடோகா என்ற கப்பலில் சிஸ்கோ குடும்பத்தோடு இருக்கிறார். 1993-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' அந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது. மனைவி ஜெனிஃபர் இடிபாட்டுக்குள் இறந்து கிடக்கிறாள். பையன் ஜேக்கை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, அவளை விட்டுவிட்டு வரவேண்டிய நிலை. சிஸ்கோவின் கோபமெல்லாம் பிக்கார்ட் மேல். என் கோபம், குடும்பங்கள் இருக்கும் கப்பலை அந்தப் பட்டியலில் சேர்த்துக் கையெழுத்துப் போட்ட ஆபீஸ் மேல்.

"அப்பா, அது எமர்ஜென்சி, இறக்கிவிட நேரமில்லை" என்றான் பையன். சரி. ஆனால் மூன்று வருஷம் கழித்து, கதைப்படி 2370-ல், ஒடிஸி என்ற கேலக்ஸி வகைக் கப்பல் ஜெம்ஹதாரைத் தேடிப் போகுமுன் பொதுஜனத்தையெல்லாம் நிலையத்தில் இறக்கிவிட்டுத்தான் கிளம்பியது. கப்பல் திரும்பவில்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள். பாடம் படித்திருக்கிறார்கள், ஆனால் ஜெனிஃபர் செத்த பிறகு. ஒவ்வொரு எமர்ஜென்சியிலும் கேப்டன் நின்று யோசிக்கவேண்டியிருந்தால் அது ஏற்பாடே இல்லை. எந்தக் கப்பலுக்கு என்ன வேலை என்பதைக் கட்டும்போதே முடிவு செய்யவேண்டும். வகை பிரிப்பது அதற்குத்தான். நீளம் அகலம் அளந்து ரசிகர்கள் சண்டை போடுவதற்கு அல்ல.

அவன் கடைசி அஸ்திரம் 1990-ல் வந்த 'யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்'. அதில் வரலாறு திசைமாறி, எண்டர்பிரைஸ் குழந்தைகளே இல்லாத போர்க்கப்பலாகிவிடுகிறது. கைனனுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று உறுத்துகிறது, இங்கே பிள்ளைகள் இருக்கவேண்டுமே என்கிறாள். எனக்கும் தொண்டை அடைக்கும் காட்சிதான். ஆனால் அது என் கட்சிக்கான சாட்சி. பிள்ளைகள் இருக்கும் கப்பல் வேண்டும். அது அப்படியே இருக்கவேண்டுமானால் சண்டைக்கு என்று வேறு கப்பல் வேண்டும். டிஃபையன்ட் மாதிரி பத்து கப்பல் உல்ஃப் 359-க்கு முன்பே இருந்திருந்தால், சாரடோகா அங்கே போயிருக்கவே வேண்டாம். எங்களிடம் போர்க்கப்பலே இல்லை என்று பெருமையடித்த ஸ்டார்ஃப்ளீட், போர் வந்ததும் பள்ளிக்கூடத்தை அனுப்பியது. இதற்குப் பெயர் சமாதானமா?

போர்க்கப்பலைப் போர்க்கப்பல் என்று சொல்லுங்கள். அப்போதுதான் வீட்டை வீடு என்று சொல்ல முடியும்.

பையன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரெண்டு வருஷம் நீ மெஸ்ல என்னப்பா சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டான்.