கழுவினால் கறி, கழுவாவிடில் மருந்து

தன்சானியா நாட்டின் மேற்கெல்லையிலே, தங்கனிக்கா ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி, மகாலே என்னும் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அம்மலைக் காடுகளில் வாழும் சிம்பன்சிக் குரங்குகளை யப்பானிய அறிஞர் தொஷிசாதா நிஷிதா 1965ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கினார். அவர் வழிவந்தோர் அப்பணியைத் தொடர்ந்து செய்து வந்தனர். 1987ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் ஹஃப்மன் என்பவரும், அப்பகுதியிற் பிறந்த தொங்வே இனத்தவரான முகம்மதி சைஃபு கலுண்டே என்பவரும் நோயுற்றிருந்த பெண் சிம்பன்சி ஒன்றைப் பின்தொடர்ந்தனர். சௌசிக்கு என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். அது உணவில் நாட்டமின்றிச் சோர்ந்து படுப்பதும் எழுவதுமாக இருந்தது. பின்னர் ஒரு செடியை அணுகி, அதன் இளந்தண்டை ஒடித்து, இலையையும் பட்டையையும் களைந்து, உள்ளே இருந்த சோற்றியை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையை உமிழ்ந்தது. மறுநாட் பிற்பகலில் அதன் சோர்வு நீங்கிற்று. வழக்கம்போல் இரைதேடத் தொடங்கியது.

அச்செடி சிம்பன்சிகள் நாள்தோறும் உண்ணும் உணவன்று. அதனைத் தொங்வே மக்கள் 'முஜொன்சோ' என்பர் என்றும், காய்ச்சலுக்கும் வயிற்றுப் புழுவுக்கும் வயிற்று நோவுக்கும் தம் இனத்தார் அதனைக் கரைத்துக் குடிப்பர் என்றும் கலுண்டே எடுத்துக் கூறினார். அவர் உடன் இல்லாதிருப்பின், 'குரங்கு ஏதோ ஒரு செடியை மென்றது' என்பதற்கு மேல் அந்நாளின் குறிப்பேட்டில் ஒன்றும் ஏறியிராது என்றே நாம் எண்ணுகின்றோம். 1989இல் வெளியான ஆய்வுக் கட்டுரையிலே இருவர் பெயரும் ஒருங்கே இடம்பெற்றமை முறையானதே.

1991ஆம் ஆண்டில் மற்றொரு பெண் சிம்பன்சி அவ்வாறே அச்சோற்றியை மென்றது. அதன் மலத்திலிருந்த குடற்புழு முட்டைகளை முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தபோது, ஒரு கிராமுக்கு 130 ஆக இருந்த தொகை இருபது மணி நேரத்தில் 15 ஆகக் குறைந்திருந்தது. ஒரு விலங்கைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது; எனினும் அலட்சியம் செய்யத்தக்க கணக்கும் அன்று.

இச்செடியே ஆபிரிக்காவின் வெப்பமண்டல நாடுகளெங்கும் 'கசப்பிலை' என்று பொருள்படும் பெயரால் அறியப்படுவது. தாவர நூலார் இதற்கு வேர்னோனியா அமிக்டலினா எனப் பெயரிட்டனர். வாதுமை இலையை ஒத்த இலை உடையது என்பது அப்பெயரின் பிற்பகுதியின் கருத்து. இன்றைய நூல்கள் சிலவற்றில் ஜிம்னாந்தெமம் அமிக்டலினம் என்ற பெயரைக் காணும் மாணவர் மயங்க வேண்டா, செடி ஒன்றே. நைஜீரியாவில் இக்போ மக்கள் இதனை ஒனுக்பு என்பர். யொருபா மக்கள் எவூரோ என்பர். ஹௌசா மொழியில் இது ஷுவாக்கா. உகண்டாவில் முலுலூசா, எதியோப்பியாவிற் கிராவா. இத்தனை மொழிகளில் இத்தனை பெயர் பெற்ற செடி வீட்டுக்கு வேண்டிய செடியாகத்தானே இருத்தல் வேண்டும்!

இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த குறுமரம். வெட்டாது விட்டால் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு பங்கும் வளரும். பட்டை சொரசொரப்பானது. இலை நீண்டு இரு முனையும் கூர்ந்து, ஓரத்தில் நுண்ணிய பற்களுடன் இருக்கும். கிளை நுனிகளில் வெண்மையும் இளஞ்செந்நீலமுமான சிறு பூக்கொத்துகள் நெருங்கிப் பூக்கும். அவற்றை நாடித் தேனீக்கள் வரும்.

வளர்ப்பு முறையில் அருமை எதுவும் இல்லை. விதை முளைப்பது உறுதியன்று; ஆகையால் ஆபிரிக்கக் குடியானவர் முற்றிய தண்டையே நம்புகின்றனர். ஒரு முழ நீளமுள்ள துண்டாக வெட்டி, நிலத்திற் சாய்வாக ஊன்றிவிடுவர். நேராக ஊன்றுவதிலும் சாய்த்து ஊன்றினால் பக்கத் துளிர்கள் மிகுதியாக வெடிக்கும் என்பது அவர்கள் கைகண்ட வழக்கம். நல்ல வெயிலும் மக்கிய எருவும் வேண்டும். நீர் தேங்கும் நிலம் ஆகாது. வேர்விடுமுன் தண்டு அழுகிப்போம். வேர் ஊன்றிய பின்னர் ஓரளவு வரட்சியையும் தாங்கும். துளிர் செறிந்ததும் இலை பறிக்கத் தொடங்கலாம். பூக்கவிட்டால் இலை சிறுக்கும். ஆதலால் அடிக்கடி நுனி கொய்து, ஆண்டுக்கொரு முறை தாழ வெட்டிவிடுவர். நைஜீரியாவில் வேலியாகவே இதனை நட்டு வைப்போர் உளர். வேலிக்கு வேலி, கீரைக்குக் கீரை. இளங்குச்சியை ஒடித்துப் பல் துலக்கும் வழக்கமும் அங்கே உண்டு. எம்மவர் வேப்பங்குச்சியை மென்றது போல என்று சொன்னால் வாசகர்க்கு எளிதில் விளங்கும்.

இனி, எமக்கு மிகவும் வியப்பளித்த செய்திக்கு வருவோம். சிம்பன்சி இலையைக் களைந்துவிட்டுச் சோற்றியை மட்டும் தின்றது என்றோம் அல்லவா? இரசாயன அறிஞர் பின்னர் ஆராய்ந்தபோது, வேர்னோடாலின் என்னும் கடுமையான பொருள் இலையிலும் பட்டையிலும் மிகுந்திருப்பதைக் கண்டனர். மென்மையான கசப்புடைய வேறு பொருள்கள் சோற்றியில் இருந்தன. ஆகவே விலங்கு விலக்கியது விலக்கத்தக்க பகுதியையே. அப்படியாயின், அந்த இலையையே கோடிக்கணக்கான மக்கள் கறி சமைத்து உண்பது எங்ஙனம்?

கழுவித்தான். இக்போ நாட்டு வீடுகளிலே பெண்கள் இலையை நரம்பிலிருந்து உருவி, அகன்ற பாத்திரத்தில் நீர்விட்டு, துணி துவைப்பதுபோல் இரு கையாலும் கசக்குகின்றனர். இலையிலுள்ள சப்போனின் என்னும் பொருளினால் நுரை பொங்கி எழும். பச்சை நீர் வழியும். அந்நீரைக் கொட்டிப் புதுநீர் விட்டு மீண்டும் கசக்குவர். சிலர் உப்பிடுவர், சிலர் ஒரு கொதி கொதிக்கவிட்டு வடித்த பின் கழுவுவர். நுரை அடங்கி நீர் தெளியும் வரை இது நடக்கும். பாவற்காயை உப்பிட்டுப் பிழியும் எம் வீட்டுப் பெண்களுக்கு இதன் நுட்பம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் கசப்பு முழுவதையும் போக்கிவிடுவது நல்ல சமையலாகக் கொள்ளப்படுவதில்லை. முற்றும் கழுவிய இலை வெறும் நார். அரைகுறையாகக் கழுவியது வாயில் வைக்கலாகாதது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதைக் கைப்பழக்கமே அறியும்.

இவ்வாறு பக்குவப்படுத்திய இலையை இக்போ மக்கள் சேம்பின் இனத்துக் கிழங்கை அவித்து இடித்த குழைவு, செம்பனை எண்ணெய், இறைச்சி, உலர்மீன் ஆகியவற்றுடன் சேர்த்து 'ஒஃபே ஒனுக்பு' என்னும் குழம்பாக்குகின்றனர். கிழங்கின் குழைவு குழம்பைத் தடிப்பாக்குவதோடு எஞ்சிய கசப்பையும் தணிக்கிறது. கமரூன் நாட்டில் இதே இலை 'ந்தொலே' ஆகிறது. அங்கே கச்சானை அவித்து அரைத்து, இலையோடும் இறாலோடும் மாட்டிறைச்சியோடும் கூட்டிக் கிண்டி, வாழைக்காயுடனோ மரவள்ளியில் ஆக்கிய பண்டத்துடனோ உண்பர். விருந்துக்கும் விழாவுக்கும் உரிய உணவு அது. அந்நாட்டின் தேசிய உணவென்றே பலரும் போற்றுவர். அங்கே கசப்புக் குறைந்த வேறோர் இனச் செடியையும் இதற்கென வளர்க்கின்றனர். எதியோப்பியரோ இந்த இலையைக் கொண்டு 'தெல்லா' என்னும் வீட்டு மதுவை வடிக்கும் பானைகளைத் தேய்த்துக் கழுவுகின்றனர்.

மருந்தைப் பற்றிச் சற்றுத் தாமதித்தே எழுதுகின்றோம். அதற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலத்தில் இச்செடி மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் வீட்டுத் தோட்டங்களிலும் புகுந்துவிட்டது. தென்னாபிரிக்க இலை என்றும் ஆபிரிக்க இலை என்றும் அங்கே அதனை அழைக்கின்றனர். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கைகண்ட மருந்தென வாய்மொழியாகவே அதன் புகழ் பரவிற்று. ஆய்வுகூடத்து எலிகளில் இலைச்சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாகக் கூறும் ஆய்வுகள் பல உண்டு. மனிதரிடத்தில் அதனை நிலைநாட்டும் சான்று மிகச் சொற்பம். எலிக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு கோப்பை இலை நீரால் தாண்டிவிட முடியாது.

மலேரியாக் காய்ச்சலைப் பற்றியாவது மனிதரிடத்திலேயே பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2009இல் வெளியான அவ்வாய்வில், கடுமையற்ற மலேரியா கண்டோருக்குப் பசிய இலையை ஊறவைத்த நீர் கொடுக்கப்பட்டது. பதினான்காம் நாளில் நூற்றுக்கு 67 பேர் போதிய குணங்கண்டனர். தொங்வே முதியோரின் சொல் வீண்போகவில்லை என்று மகிழத் தோன்றும். ஆனால், குணங்கண்ட அவர்களுள்ளும் நூற்றுக்கு 32 பேரிடமே இரத்தத்திலிருந்த கிருமி முற்றாக மறைந்தது. அவ்வாறு மறைந்தோரிலும் நூற்றுக்கு 71 பேரிடம் அது மீண்டும் தலைகாட்டிற்று. காய்ச்சல் தணிந்தது, நோய் தணியவில்லை. நோயாளி எழுந்து நடமாடுவதைக் கண்டு வீட்டார் ஆறுதல் அடைந்திருக்கும் வேளையில், கிருமி உள்ளே தங்கியிருக்கும் என்பது எத்துணை அபாயம்! எமது நாடு மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனத்தால் 2016இல் சான்று பெற்றதாயினும், தொழிலுக்காக ஆபிரிக்கா சென்று திரும்புவோர் வீடுகளில் இச்செய்தியை அறிந்திருத்தல் நன்று. காய்ச்சலோடு திரும்பியவர் உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ பெறுவோர் இலை நீரையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து மயக்கம் உண்டாகக் கூடும். மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மட்டும் நம்புவது அதனினும் கேடு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருந்தாக இதனைக் குடியாதிருத்தலே தகும். நன்கு கழுவிச் சமைத்த கீரையின் கதை வேறு. தலைமுறை தலைமுறையாக மக்கள் உண்டு பார்த்த உணவு அது. எமது எண்ணத்தில் இச்செடியின் பெருமை அடுப்பங்கரையிலேயே உள்ளது; மருந்துப் போத்தலில் இன்னும் ஏறவில்லை.

தண்டு எளிதில் வேர்விடுவதால், வெளிநாட்டிலிருந்து வருவோர் பெட்டியில் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு வர ஆசைப்படலாம். அது கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நடுதற்குரிய தாவரப் பகுதிகளை முன் அனுமதியின்றி நாட்டினுள் கொணர்தல் குற்றமாகும். ஒரு குச்சியின் பட்டைக்குள்ளே எத்தனை பூச்சியும் பூஞ்சணமும் ஒளிந்து வரலாம் என்பதைத் தோட்டக்காரர் அறிவர். விரும்புவோர் விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தடுப்புக்காப்புப் பிரிவினரிடம் முன்னரே விசாரித்துக்கொள்க.

மாணவர்க்கு ஒரு சொல். இச்செடியின் சிறு உறவினர் எம் நாட்டு வேலியோரங்களிலேயே உண்டு. நெய்ச்சட்டிக்கீரை என்றும் பூவாங்குருந்தல் என்றும் தமிழில் வழங்கும் பூண்டு அது. அதன் பூவில் மயிலின் கொண்டையைக் கண்ட சிங்கள மக்கள் மொணரகுடும்பிய என்றனர். புழுவை வெளியேற்றுவதென நாட்டு வைத்தியர் கையாளும் காட்டுச்சீரகமும் இதே கூட்டத்தது. நெய்ச்சட்டிக்கீரையின் ஒரு பூவைக் கொய்து பூதக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். சூரியகாந்தியைப் போல் அதற்கு வெளிவட்ட இதழ் கிடையாது. நீலச்செம்மை நிறமுள்ள நுண்ணிய குழற்பூக்கள் ஒரு கிண்ணத்தில் நெருங்கி நிற்கும். மகாலே மலையிற் சௌசிக்கு ஒடித்த செடியின் பூவும் அவ்வமைப்பினதே. அது பெரும்பாலும் வெள்ளை.