கேஎல் போகலாமா, இங்கேயே இருக்கலாமா? ஆட்டிசம் பிள்ளை இருக்கிற குடும்பங்களுக்கு

வழக்கமா நான் இங்க வெள்ளிக்கிழமை பூஜை நேரம், அன்னதான உபயம், கோத்தோங் ரோயோங் இதெல்லாம்தான் போடுவேன். இன்னிக்கு வேற விஷயம், கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு சட்டி கழுவிக்கிட்டு இருந்தப்ப ஒரு இளம் தம்பதி வந்து பேசினாங்க. பையனுக்கு நாலு வயசு. ஆட்டிசம்னு டாக்டர் சொல்லி மூணு மாசம் ஆகுது. "அங்கிள், இங்க சுங்கைப்பட்டாணி வீட்ட வித்துட்டு கேஎல் போயிடலாம்னு இருக்கோம். அங்கதான் நல்ல சென்டர் எல்லாம் இருக்காம். நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க. என் பேரன் விஷயம் கோவில்ல எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் என்கிட்ட வந்தாங்க. கையில சோப்பு நுரையோட நின்னுக்கிட்டு இதுக்குப் பதில் சொல்ல முடியல. இதே கேள்வி நம்ம கோவிலுக்கு வர்ற இன்னும் சில வீடுகள்லயும் இருக்கு. அதான் எல்லாருக்குமா எழுதுறேன்.

முதல்ல என் தப்பச் சொல்லிடுறேன். பேரனுக்கு ஒன்றரை வயசுல கிளினிக்ல அந்த குழந்தை ரெக்கார்டு புக்குல இருக்கிற கேள்விகளுக்கு என் மகள் பதில் எழுதினா. கூப்பிட்டா திரும்பிப் பாக்குறானா, விரல் நீட்டி காட்டுறானா, அந்த மாதிரி கேள்விகள். நர்ஸ் பாத்துட்டு டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க. நான்தான் தடுத்தேன். "ஆம்பள பிள்ளை லேட்டாத்தான் பேசும், நானே நாலு வயசுலதான் பேசினேன்"னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். ஒன்றரை வருஷம் வீணாப் போச்சு. அந்த ஒன்றரை வருஷத்த எந்த ஊருக்குப் போயும் திருப்பி வாங்க முடியாது. அதனால ஊர் மாத்துறத பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி, இன்னும் டாக்டர்கிட்ட காட்டாதவங்க முதல்ல காட்டுங்க. வேண்டுதலும் வைங்க, அப்பாய்ண்ட்மென்டும் எடுங்க.

பிள்ளைக்கு நாலு வயசு ஆனப்ப மகளும் மருமகனும் பூச்சோங்ல வாடகை வீடு எடுத்து போனாங்க. நான் கோவிச்சுக்கிட்டு ரெண்டு வாரம் பேசல. போன இடத்துல சென்டர் உண்மையிலேயே நல்லா இருந்துச்சு, குறை சொல்ல மாட்டேன். ஆனா வாடகை, சென்டர் பீஸ், தனியா பேச்சுப் பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளி. மருமகன் ஓடி எடுக்காத நாளே இல்ல. மகள் வேலைய விட்டுட்டா. ஜாம்ல ஒன்றரை மணி நேரம் காடியில உட்கார்ந்தே பையன் களைச்சுப் போயிடுவான். பயிற்சி அறைக்குள்ள போனதும் தூங்குவான். ராத்திரி அவன் அழுதா தூக்க இன்னொரு கை கிடையாது. பதினாலு மாசத்துல திரும்பி வந்துட்டாங்க. மகள் எடை குறைஞ்சு வந்து நின்னத பாத்தப்ப என் வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தையும் பேசல, சோறு போட்டு உட்கார வெச்சா.

இத வெச்சு "போகாதீங்க"ன்னு நான் சொல்லப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்ச இன்னொரு குடும்பம் தோட்டத்துல இருந்தாங்க. வகுப்பு இருக்கிற பள்ளிக்கூடம் 40 நிமிஷம் தள்ளி, அம்மாவுக்கு காடி ஓட்டத் தெரியாது, பையன் பாதி நாள் வீட்டுலதான். அவங்க டவுனுக்கு மாறி வந்தது ரொம்ப சரி. வந்த ஆறு மாசத்துல பையன் தானா சட்ட போட்டுக்கிறான்.

பேக்டரியில நாங்க ஒரு மிஷின இடம் மாத்தணும்னா முதல்ல மிஷின தூக்க மாட்டோம். புது இடத்துல கரண்ட் இருக்கா, காத்து லைன் வருதா, தண்ணி வடியுமா, போர்க்லிப்ட் திரும்புமான்னு பாத்துட்டுத்தான் தூக்குவோம். வீடு மாத்துறவங்க பல பேர் சென்டர் பேர மட்டும் பாத்துட்டு மிஷின தூக்கிடுறாங்க.

என் கருத்து இதுதான். சென்டர பாத்து வீடு எடுக்காதீங்க, பள்ளிக்கூடத்த பாத்து எடுங்க. கேஎல்ல செந்தூல் பக்கம் இருக்கிற அரசாங்கத்தோட ஜீனியஸ் குர்னியா ஆகட்டும், தனியார் சென்டர் ஆகட்டும், சின்ன வயசு பயிற்சி மூணு நாலு வருஷம். ஏழு வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு மேல பிள்ளை பள்ளிக்கூடம் போகணும். நம்மள மாதிரி சம்பளக்காரங்களுக்கு அது பெரும்பாலும் பிபிகேஐதான், அதாவது சாதாரண அரசாங்கப் பள்ளிக்குள்ளயே நடக்கிற சிறப்புக் கல்வி வகுப்பு. அது எல்லாப் பள்ளியிலயும் கிடையாது. 2019ல கல்வி அமைச்சு ஸீரோ ரிஜெக்ட் கொள்கை கொண்டு வந்துச்சு, அதாவது சிறப்புத் தேவை உள்ள பிள்ளைய பள்ளிக்கூடம் வேண்டாம்னு திருப்பி அனுப்பக் கூடாது. நல்லதுதான். ஆனா திருப்பி அனுப்பாததும், நீங்க விரும்புற பள்ளியில இடம் இருக்கிறதும் வேற வேற.

அதனால வீட்டுக்கு டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஊர் பிபிடி, அதாவது மாவட்ட கல்வி அலுவலகத்துக்கு நேர்ல போங்க. எந்தப் பள்ளியில வகுப்பு இருக்கு, இடம் இருக்கான்னு கேளுங்க. அப்புறம் பள்ளிக்கே போய் வகுப்ப கண்ணால பாருங்க. எத்தனை பிள்ளைங்க, டீச்சருக்கு உதவியாளர் இருக்காங்களா, கழிவறைக்கு யார் கூட்டிட்டுப் போறாங்க, கேட்டுக்கு பூட்டு இருக்கா (ஓடுற பிள்ளைங்க பெற்றோருக்கு இந்தக் கேள்வி புரியும்). பக்கத்துலயே அதே வகுப்பு உள்ள இடைநிலைப் பள்ளி இருக்கான்னும் இப்பவே பாருங்க. பன்னிரண்டு வயசுக்கு அப்புறம் திரும்ப வீடு மாத்த உங்களுக்கு தெம்பு இருக்குமோ என்னமோ.

மொழி விஷயம் நம்ம ஆளுங்களுக்கு தனித் தலைவலி. வீட்டுல தமிழ், பயிற்சியில இங்கிலீஷ், வகுப்புல மலாய். சில தமிழ்ப்பள்ளியிலயும் பிபிகேஐ இருக்கு, ஆனா குறைவு. என் பேரன் போறது ஆறு கிலோமீட்டர்ல இருக்கிற தேசியப் பள்ளி. "வீட்டுல தமிழ் பேசாதீங்க"ன்னு நிறைய பேர் சொன்னாங்க. நாங்க கேக்கல. அவன் முதல்ல சொன்ன வார்த்தை "பாட்டி". பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது, அவகூடத்தானே அவன் நாள் பூரா இருந்தான்.

காசு பக்கமும் பாருங்க. ஜேகேஎம்ல ஓகேயூ கார்டு எடுக்க வெட்கப்படாதீங்க. ஜாதகத்துல கரும்புள்ளி மாதிரி நினைக்கிற ஆளுங்க இன்னும் நம்ம நடுவுல இருக்காங்க. சிறப்புக் கல்வி வகுப்புல படிக்கிற பிள்ளைக்கு மாசம் 150 வெள்ளி அலவன்ஸ் உண்டு. வருமான வரி கட்டுறவங்களுக்கு, பிள்ளையோட பரிசோதனை, ஆரம்பப் பயிற்சி செலவுக்கு 2025 வரி ஆண்டுல 6,000 வெள்ளி வரைக்கும் கழிவு இருந்துச்சு. ரசீத தூக்கிப் போடாதீங்க.

இப்ப எங்க ஏற்பாடு இதுதான். வார நாள்ல பள்ளிக்கூடம். சனிக்கிழமை காலையில பட்டர்வொர்த் பக்கம் பயிற்சி, நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து ஓட்டுறேன். பேரனுக்கு ஒன்பது வயசு. தேவையானத கேக்குற அளவுக்கு பேசுறான், கணக்கு என்னைவிட வேகம். கேஎல்ல இருந்திருந்தா இன்னும் நல்லா பேசியிருப்பானோ? ராத்திரி தூக்கம் வராதப்ப நானும் இதை நினைக்கிறதுண்டு. பதில் தெரியாது.

நம்ம கோவில்ல உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை. மேளம் வாசிக்கும்போது அவன் காதப் பொத்திக்கிட்டு கத்தினான்னு முன்னாடி ரெண்டு பேர் "பிள்ளைய வளக்கத் தெரியல"ன்னு என் மகள் காதுல விழுற மாதிரியே பேசினாங்க. அவ பூச்சோங் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது. இப்ப வெள்ளிக்கிழமை மேளம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, ஆறு மணிக்கு அவன கூட்டிட்டு வர்றோம். குருக்கள் ஐயா மணி அடிக்காம தீபம் காட்டி விபூதி குடுக்கிறார். நிர்வாகத்துல யாரும் கேள்வி கேக்கல, அவங்களுக்கு நன்றி. இந்த மாதிரி பிள்ளைங்க இருக்கிறவங்க ஆறு மணிக்கு வாங்க, கூட்டம் இருக்காது, நான் வாசல்ல இருப்பேன்.

அந்தத் தம்பதிகிட்ட நேத்து போன்ல பேசினேன். வீட்டுக்கு விளம்பரம் போடுறத ஒரு மாசம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை இங்க பிபிடிக்கு போறாங்க, நானும் அரை நாள் லீவு போட்டு கூடப் போறேன். இடம் இல்லன்னா கேஎல் பக்கம் எந்த ஊர்ல பள்ளி இருக்குன்னு விசாரிப்போம். அந்தப் பக்கம் இருக்கிற பெற்றோர் யாராவது உங்க பிள்ளை வகுப்ப பத்தி சொல்ல முடிஞ்சா கீழ எழுதுங்க, இல்ல எனக்கு மெசேஜ் போடுங்க.

வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு காய்கறி வெட்ட ஆள் பத்தல. கத்தி கொண்டு வாங்க.