தொலைத்தது யார்?

'அமேசான் காட்டுக்குள் தொலைந்துபோன நகரம் கண்டுபிடிப்பு!'

2024 ஜனவரியில் இப்படி ஒரு தலைப்பை உங்கள் செல்போனில் நீங்களும் பார்த்திருக்கலாம். பச்சைக் காடு, லேசர் கதிர், நடுவே திடீரென்று தெருக்கள். 'அடேயப்பா' என்று நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. தொலைத்தது யார்?

இடம், ஈக்வடார் நாட்டின் உபானோ பள்ளத்தாக்கு. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு உருவான ஊர்கள். 300 சதுர கிலோமீட்டரில் 6,000-க்கும் அதிகமான மண் மேடைகள், நேர்கோடு பிடித்தாற்போல் சாலைகள். அசர வேண்டிய விஷயம்தான். ஆனால், பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டெபான் ரோஸ்டேன் அங்கே 1990-களிலேயே தோண்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் முன்னால் பெட்ரோ போராஸ் என்ற பாதிரியார் தோண்டினார். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி நிலத்தை அளக்கும் லைடார் ஆய்வுகூட 2015-ல் நடந்ததுதான். அதில் ஊர்களின் முழு விரிவும் தெரிந்தது. செய்தி அவ்வளவுதான்.

அந்த மாகாணத்தில் ஷுவார் பழங்குடிகள் இன்றைக்கும் வாழ்கிறார்கள். நீங்கள் படித்த செய்தியில் அவர்களில் ஒருத்தராவது பேசினாரா? யோசித்துப் பாருங்கள்.

'சரிங்க, தலைப்புன்னா கொஞ்சம் மசாலா இருக்கத்தானே செய்யும்? இதுல யாருக்கு என்ன நஷ்டம்?' என்பீர்கள்.

நஷ்டம் ஏக்கர் கணக்கில் இருக்கிறது. 'தொலைந்த நகரம்' என்றால், கேட்க ஆள் இல்லாத நகரம். 'மனிதக் காலடி படாத காடு' என்றால், யாருக்கும் சொந்தமில்லாத காடு. 1970-ல் அமேசானுக்கு நடுவே நெடுஞ்சாலை போடக் கிளம்பிய பிரேசில் ராணுவ ஆட்சி, மனிதர் இல்லாத நிலத்தை நிலம் இல்லாத மனிதர்களுக்குத் தருவதாகத்தான் பிரசாரம் செய்தது. அங்கே மனிதர்கள் இருந்தார்கள். அரசாங்கத்தின் கணக்கில்தான் இல்லை.

அதே பிரேசிலில் பிற்பாடு இன்னொரு வாதம் கிளம்பியது. 1988 அக்டோபர் 5 அன்று ஒரு நிலத்தில் இருந்ததையோ, அதற்காகப் போராடிக்கொண்டிருந்ததையோ நிரூபிக்காத பழங்குடிக்கு அந்த நிலம் கிடையாதாம். அதற்கு முன்பே அடித்துத் துரத்தப்பட்டவர்கள் எங்கே போவார்கள்? 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது. அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது! இப்படிப்பட்ட இடத்தில், மண்ணுக்கடியில் இருக்கும் பழைய ஊர் மூதாதையர் விட்டுப்போன பத்திரம். அதைப் போய் அநாதைப் புதையல் ஆக்குகிறது நம் தலைப்பு.

ஒழுங்காகவும் செய்ய முடியும். பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் பகுதியில் கிடைத்த பழைய ஊர்களைப் பற்றி 2003-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயர் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஹெக்கன்பெர்கர். இரண்டாவது பெயர் அஃபுகாகா குயிகுரோ. குயிகுரோ மக்களின் தலைவர் அவர். நடு மைதானத்தைச் சுற்றி வீடு கட்டும் முன்னோர் வழக்கம் அவர்கள் ஊரில் இன்றும் இருக்கிறது. அதே இனத்தைச் சேர்ந்த தகுமா குயிகுரோ சினிமா இயக்குநர். தங்கள் கதையைத் தாங்களே படம்பிடிக்கிறார்கள்.

இந்த ஷிங்கு பகுதியில்தான் பெர்சி ஃபாசெட் என்ற ஆங்கிலேயர் 1925-ல் 'இசட்' என்ற நகரத்தைத் தேடிப் போய்க் காணாமல்போனார். அவரைப் பற்றி 2016-ல் ஹாலிவுட் சினிமாவே வந்தது. அதன் பெயரிலும் 'தொலைந்த நகரம்'தான். உண்மையில் தொலைந்தவர் அவர்!

இணையத்தில் எழுதும் நண்பர்களே, தலைப்பில் அந்த மக்களின் பெயரைப் போடுங்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சம்மதிக்காமல் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள். புதையல் திருடர்களும் அதைப் படிப்பார்கள்.

வாசகரே, உங்கள் விரலுக்கும் பொறுப்பு உண்டு. அடுத்த தடவை 'தொலைந்த நகரம்' வந்தால், அந்த மண்ணின் மனிதர் ஒருவராவது அதில் பேசியிருக்கிறாரா என்று பாருங்கள். பேசவில்லையென்றால், அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.