சுமைதாங்கி இல்லாத தெரு

நியூ ஜேர்சி மாநிலத்தின் பிளெய்ன்ஸ்பரோ நகரைப் பற்றி எம்மவர் பேசத் தொடங்கினால் முதலிற் குறிப்பிடுவது அதன் பாடசாலைகளைத்தான். வாடகை கூடுதலாயினும் பிள்ளைகளின் படிப்புக்காக அங்கு குடியேறினோம் என்பர். பக்கத்து நகரான பிறின்ஸ்ரனில் நெடுங்காலம் இயங்கிய மருத்துவமனையும் 2012 மே மாதத்தில் முதலாம் இலக்க நெடுஞ்சாலையோரமாகப் பிளெய்ன்ஸ்பரோவுக்கு இடம்மாறியது. நீரிழிவு மருந்துகளுக்குப் பெயர்பெற்ற நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளது. நல்ல பாடசாலை, பெரிய மருத்துவமனை, மருந்து செய்யும் நிறுவனம் என அனைத்தும் ஒருசில மைல் தூரத்துக்குள் அமைந்துவிட்டன. ஆயினும் இவை எவற்றின் பதிவேட்டிலும் இடம்பெறாத ஒரு பராமரிப்பாளர் அந்நகரின் அடுக்குமாடி வீடுகளுக்குள் வாழ்கிறார். அவருக்கு வயது பதினைந்து.

அப்பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, அம்மம்மாவின் விரலிற் குருதி எடுத்துச் சீனியின் அளவைப் பார்த்து, இன்சுலின் ஊசி போடுகிறாள். தாய்க்குக் கிழமைக்கு மூன்று நாட்கள் சிறுநீரகக் குருதிச் சுத்திகரிப்பு. இரவு வேலை முடித்துத் தந்தை வந்து சேரத் தாமதமாகும் நாட்களில், தாயை ஆயத்தப்படுத்தி வாகனத்தில் ஏற்றிவிடுவதும் அவளே. பின்னர் தம்பிக்குச் சாப்பாடு கட்டவேண்டும். பாடசாலைக்குப் பிந்திச் சென்று காரணம் கேட்கப்படும்போது "பஸ் தவறிவிட்டது" என்பாள். வீட்டு நிலைமையை வெளியிற் சொல்லக்கூடாதென்று எவரும் அவளுக்குக் கட்டளையிட்டதில்லை. சொல்லக்கூடாது என்பதை அவளாகவே கற்றுக்கொண்டாள். இவளுக்கு நாம் பெயர் சூட்டவில்லை. வாசகருட் பலர் இவளைத் தத்தம் வீட்டிலேயே காண்பர் என்பதால் அதற்கு அவசியமுமில்லை.

இது தமிழருக்கு மட்டும் உரிய நிலைமையன்று. அமெரிக்காவில் இவ்விடயம் பற்றிய முதலாவது நாடளாவிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. எட்டு முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகளுள் 13 முதல் 14 இலட்சம் பேர் நோயுற்ற, முதிய அல்லது வலுவிழந்த உறவினரைப் பராமரிக்கின்றனர் என அது மதிப்பிட்டது. அதன் பின்னர் வந்த மதிப்பீடுகள் இன்னும் உயர்ந்தவை. கனடாவில் 2012இல் எடுக்கப்பட்ட அரச கணிப்பின்படி, 15 முதல் 29 வயதுடையோருள் 27 விழுக்காட்டினர் ஏதோவொரு வகையில் பராமரிப்புப் பணி ஆற்றிவந்தனர். யப்பானில் 2021இல் வெளியான அரச ஆய்வு, இடைநிலைப் பாடசாலையின் இரண்டாம் ஆண்டு மாணவருள் ஏறத்தாழ 17 பேருக்கு ஒருவர் குடும்பத்தவரைக் கவனித்துவருவதாகக் காட்டியது.

எனினும் அகதிக் குடும்பத்தின் பிள்ளைக்கு, ஏனைய பிள்ளைகள் அறியாத வேறு இரு சுமைகளும் உள்ளன.

முதலாவது மொழி. வைத்தியர் ஆங்கிலத்திற் சொல்வதைத் தாய்க்குத் தமிழிற் சொல்பவன் பன்னிரண்டு வயது மகன். "கட்டி", "பரவிவிட்டது", "இனிச் சிகிச்சை பயன்தராது" என்ற சொற்களைத் தாய்க்கு முன்னரே கேட்டு, அவற்றைத் தன் வாயாலேயே அவளுக்குச் சொல்லும்படி அவனை நாம் நிறுத்திவைக்கிறோம். அவன் சிலவற்றை மறைப்பான், சிலவற்றைத் தவறாக விளங்கிக்கொள்வான். நாளை ஏதும் பிழைத்துப்போனால் அது தன்னாலேயே நேர்ந்தது என்று வாழ்நாள் முழுதும் எண்ணிக் குமைவான். இதற்கு எந்தத் தேவையுமில்லை என்பதே வேதனைக்குரியது. 2010ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சட்டமும் அதன்கீழ் ஆக்கப்பட்ட விதிகளும், மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் ஆங்கிலம் போதியளவு தெரியாத நோயாளிக்குத் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்குசெய்ய வேண்டும் என்கின்றன. உயிராபத்தான அவசர வேளையில் வேறு எவரும் உடனடியாகக் கிடைக்காதபோதன்றி, சிறுபிள்ளையை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதை அவ்விதிகள் தடுக்கின்றன. தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது எமது உரிமை. அவ்வுரிமையைக் கேளாமல் இருப்பதன் விலையைச் செலுத்துவது எமது பிள்ளைகளே.

இரண்டாவது, போர். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் எமது மக்களின் மனங்களில் விட்டுச்சென்ற காயங்களை 1998இல் வெளியான தமது நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். அக்காயங்களும் எம்முடனேயே கடல் கடந்து வந்தன. சிறுநீரக நோயையாவது அயலவரிடம் சொல்லலாம். நடு இரவில் அலறி எழும் தந்தையைப் பற்றியோ, நாட்கணக்கில் அறையை விட்டு வெளியே வராத தாயைப் பற்றியோ எவரிடம் சொல்வது? அவர்கள் அருகே விழித்திருந்து காவல் காக்கும் பிள்ளை, காலையில் வகுப்பறை மேசையிற் தலை சாய்த்து உறங்கிவிடுகிறது. "கவனமில்லாத மாணவன்" என்ற குறிப்பு வீட்டுக்கு வருகிறது.

பெற்றோரைப் பேணுவது எமது பண்பாடல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், எமது பண்பாடுதான். அதனை நாம் குறைகூறவில்லை. நோயாளியின் அருகிருந்து வளர்ந்த பிள்ளையிடம் காணப்படும் பொறுமையையும் கனிவையும் வேறெந்தப் பாடசாலையும் கற்பிக்க முடியாது. ஆனால் பார்வையற்ற பெற்றோரைக் காவடியிற் சுமந்து திரிந்த சிரவணகுமாரனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அதன் முடிவையும் நாம் சொல்லவேண்டும். தண்ணீர் மொள்ளச் சென்றவன்மீது தசரதனின் அம்பு பாய்ந்தது. மகன் இறந்தான். அவனையன்றி வேறு துணையற்றிருந்த பெற்றோரும் உயிர்நீத்தனர். ஓர் அம்பிற்கு மூன்று உயிர்கள் போயின. குடும்பத்தின் முழுப் பாரத்தையும் ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றி வைப்பது அப்பிள்ளைக்கு மட்டுமன்றி நோயாளிக்கும் ஆபத்து என்பதே இக்கதையில் நாம் காணத் தவறிய பாடம்.

இவ்விடத்தில் எமது தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் தாயகத்திற் பல்கலைக்கழக விரிவுரையாளராயிருந்த காலத்தில், வரவு குறைந்தமையாற் பரீட்சைக்கு அமர அனுமதியற்றோரின் பட்டியலில் ஒரு மாணவியின் பெயருக்கெதிரே கையொப்பமிட்டோம். விதி விதிதானே என்றிருந்தோம். பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடந்த தந்தையைக் கழுவித் துடைத்துப் பார்த்துவந்தவள் அவளே என்பதைச் சில மாதங்களின் பின்னரே அறிந்தோம். "ஏன் பிள்ளை வரவில்லை?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நாம் கேட்கவில்லை, அவளாகச் சொல்லவுமில்லை. அன்று கேளாத கேள்வி இன்றும் எம்மை உறுத்துகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்பதையே சில நாடுகள் சட்டமாக்கிவிட்டன. இங்கிலாந்தில், பராமரிப்புப் பணி ஆற்றும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தேவைகளை உள்ளூராட்சி நிர்வாகம் மதிப்பிட வேண்டும் என்ற கடமை 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நோர்வேயில், நோயாளிக்குச் சிறுபிள்ளைகள் உள்ளனரா எனக் கவனித்து அவர்களது தேவைகளையும் மனத்திற்கொள்ள வேண்டிய பொறுப்பு 2010 ஜனவரி முதல் சுகாதாரப் பணியாளருக்கு உண்டு. இலண்டனிலும் ஒஸ்லோவிலும் வாழும் எம்மவர் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். யப்பானும் 2024இற் சட்டத்தைத் திருத்தி இப்பிள்ளைகளுக்கு உதவுவதை அரசின் பணியாக்கியது. அமெரிக்காவில் இத்தகைய நாடளாவிய சட்டமெதுவும் இல்லை. புளோரிடாவில் கொனி சிஸ்கோவ்ஸ்கி என்ற தாதி, பாடசாலைகளுக்குள்ளேயே இப்பிள்ளைகளைத் தேடிக் கண்டறிந்து உதவும் திட்டத்தை 2006இல் ஆரம்பித்தார். சிறுமியாயிருந்தபோது பாட்டனாரைப் பராமரித்தவர் அவர். ஓர் இரவு மருந்து கொடுக்க எழுந்து சென்று, பாட்டனார் இறந்து கிடக்கக் கண்டவர். தாம் பட்டதை மறவாத ஒருவரின் முயற்சி அது.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நியூ ஜேர்சியில் உழைப்போரின் சம்பளத்திலிருந்து குடும்ப விடுப்புக் காப்புறுதிக்கென ஒரு சிறு தொகை கழிக்கப்படுகிறது. 2009 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள இத்திட்டத்தின்கீழ், தகுதியுடையோர் நோயுற்ற குடும்பத்தவரைப் பராமரிக்கச் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பெற்று விடுப்பெடுக்கலாம். ஆறு வாரமாயிருந்த இவ்விடுப்பு 2020 ஜூலையிற் பன்னிரண்டு வாரமாக உயர்ந்தது. விடுப்பின் பின் அதே வேலை கிடைக்குமா என்பது நிறுவனத்தின் அளவையும் பொறுத்தது என்பதால் முன்னரே விசாரித்துக்கொள்வது நன்று. கைக்காசுக்கு உழைப்போருக்கு இவ்வுதவி எட்டுவது அரிது என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் சம்பளச் சீட்டு வைத்திருக்கும் தந்தை விடுப்பெடுக்கத் தயங்குவதால் மகள் பாடசாலைக்குச் செல்லாது நிற்கும் வீடுகளை நோக்கி நாம் கேட்பது இதுதான்: உங்கள் பணத்தில் உருவான உரிமையை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

பாடசாலைக்குச் சொன்னால் பிள்ளையை அரசாங்கம் பறித்துவிடும் என்ற அச்சமும் எம்மவரிடையே உண்டு. சீருடைகளுக்கு அஞ்சி வளர்ந்த மக்களின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் நோயுறுவது குற்றமன்று. உதவி கேட்பதும் குற்றமன்று. பாடசாலைத் தாதியிடமோ மாணவர் ஆலோசகரிடமோ "எங்கள் வீட்டில் நோயாளி உண்டு" என்று சொல்லும் ஒரு வசனம், தாமதத்துக்கான தண்டனையைத் தவிர்க்கலாம், பரீட்சைக்கு அவகாசமும் பெற்றுத் தரலாம். எங்கு செல்வதென்று தெரியாதோர் இம்மாநிலத்தில் 211 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

எமது சங்கங்களுக்கும் கோவில்களுக்கும் தேவாலயங்களுக்கும் வாரஇறுதித் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் அதிக புள்ளி பெற்ற பிள்ளைக்குக் கேடயம் வழங்குகிறோம். வழங்குவோம். அதே மண்டபத்தின் கடைசி வரிசையில் பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓடும் பிள்ளை எவர் என்பதையும் பார்ப்போம். "பொறுப்பான பிள்ளை" என்று முதுகில் தட்டிவிட்டு வருவது அப்பிள்ளைக்கு உதவியாகாது. கிழமையில் ஒரு பின்னேரம் நோயாளியின் அருகே ஒருவர் இருக்க, ஒருவர் வாகனம் ஓட்ட, ஒருவர் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பட்டியல் போதும். அந்தப் பின்னேரத்தில் அப்பிள்ளை பந்து விளையாடட்டும், அல்லது உறங்கட்டும்.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நின்றதை மூத்த வாசகர் அறிவர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை எழுப்பினர். தலைச்சுமையுடன் தனியே வருபவர், எவரது கையையும் எதிர்பாராமல் அதனை இறக்கி வைக்கும் உயரத்தில் அக்கல் இருக்கும். சுமப்பதை எம் முன்னோர் இழிவென்று கருதவில்லை. இறக்கி வைக்க இடமின்றிச் சுமப்பதே கொடுமை என்று கருதினர். நாம் புதிதாகக் குடியேறிய தெருக்களில் அந்தக் கற்கள் இல்லை. அவ்விடத்தில் நாமே நின்றாக வேண்டும்.