பெயின்ற் அடிக்க முதல் ஒருக்கா உரித்துப் பாருங்கள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் பழைய சைக்கிளும் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

ஓகஸ்ட் விடுமுறையில் என்னிடம் படிக்கும் தரம் 10 மாணவன் ஒருவன் தன்னுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய அலுமினியச் சைக்கிள். ஆறு மாதத்துக்கு முதல் தகப்பன் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தது. வாங்கும்போது கறுப்புப் பெயின்ற் பளபளவென்று இருந்ததாம். இப்போது செதில் செதிலாகக் கழன்றுபோய் இருந்தது.

"சேர், பொடியள் பகிடி பண்ணுறாங்கள். நீலம் அடிச்சுத் தாங்கோ."

"நான் அடிச்சுத் தரமாட்டன். ரெண்டு பேருமாச் சேர்ந்து அடிப்பம்" என்றேன்.

பழைய பெயின்றை உரித்துக்கொண்டு போகும்போது ஹாண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேருகிற இடத்தில் புட்டி பூசியிருந்தது. அதைச் சுரண்டினோம். ஒட்டின் ஓரமாக அரை விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அவன் ஒவ்வொரு நாளும் ரிப்பர்கள் ஓடுகிற பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் வருகிறவன். அந்த இடம் முறிந்தால் முன்சில்லு தனியாகப் போகும், பிள்ளை முகம் குப்புற வீதியில் விழுவான். நினைத்துப் பார்க்கவே எனக்கு நெஞ்சு பதறியது.

எந்தக் கடை என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஆனால் புட்டி தானாகப் போய்ப் பூசிக்கொள்வதில்லை. யாரோ ஒருவருக்கு அந்த வெடிப்புத் தெரிந்திருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம்மில் அநேகருக்குத் தெரியும். ஈரத்தை மேலே தெரியும்படி வைத்து விற்றிருந்தால் அதில் குற்றமில்லை. மறைத்ததுதான் குற்றம். சைக்கிளுக்கும் இதுதான் கணக்கு. பெயின்ற் அழகுக்கு அடிக்கலாம், பாதுகாப்புக்கு அடிக்கலாம். குறையை மூட அடிக்கக் கூடாது.

ஒரு கடைக்காரத் தம்பியிடம் இதைப் பேசினேன். "சேர், எல்லாத்தையும் உரிச்சுக் காட்டினா எவன் வாங்குவான்? ஏழைச் சனத்துக்கு இந்த விலைக்கு வேற எங்க கிடைக்கும்?" என்றார். நியாயமான கேள்விதான். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே நின்றபோது சைக்கிள் விலை ஏறிய ஏற்றத்தை மறக்கவில்லை. ஆனால் வெடித்த பிறேம் எந்த விலைக்கும் மலிவு இல்லை. பெயின்ற் போன, நிறம் மங்கிய, ஆனால் உறுதியான சைக்கிளை அப்படியே விற்கலாம். வடிவாக்குகிற வேலையை வீட்டில் நாங்களே செய்யலாம்.

அதைச் செய்கிற முறையில்தான் எங்கள் ஆட்கள் பிழைவிடுகிறார்கள்.

முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இரும்புக்குச் செய்கிற வைத்தியம் இதற்குச் சரிவராது.

நெருப்புப் பிடித்து பெயின்றை எரிக்காதீர்கள். பிறேமில் இருப்பது தனி அலுமினியம் இல்லை. மகனீசியம், சிலிக்கன் சிறிதளவு சேர்ந்த கலப்புலோகம்தான் அதிகம். ஒட்டி முடித்தபின் சூளையில் 170, 180 பாகை செல்சியசளவில் பல மணிநேரம் வைத்து உறுதியேற்றுவார்கள். அதைவிடக் கூடச் சுட்டால் அந்த உறுதி போய்விடும். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும், அலுமினியம் உருகும்வரைக்கும் சிவக்காது. கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது.

கோஸ்டிக் சோடாவும் வேண்டாம். சோடியம் ஐதரொட்சைட்டு அலுமினியத்தைத் தின்னும், ஐதரசன் வாயு வெளிவரும். சாதாரண தரப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பெயின்ற் கழற்றும் திராவகம் பாவித்தால் வெளியில், கையுறையோடு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கவிட்டுச் செய்யுங்கள். எனக்குப் பிடித்தது சாண்ட் பேப்பர். முதல் 120, பிறகு 240, கடைசியாக 400. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், ஆகவே முகக்கவசம் கட்டாயம். இரும்புக் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்திருந்து பிறகு அரிக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றால் இது இன்னும் கெதியாக நடக்கும். பெடல் அச்சுக்குக் கீழே உள்ள பிறேம் இலக்கத்தைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். சைக்கிள் களவுபோனால் பொலிசுக்குக் கொடுக்க அது வேண்டும்.

உரித்தபின் வெடிப்புப் பாருங்கள். ஒட்டுகளில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வந்து கோடு காட்டும். சந்தேகமான கீறல் தேய்க்கத் தேய்க்க மறைந்தால் அது கீறல். மறையாவிட்டால் வெடிப்பு. வெடிப்பு என்றால் அந்தப் பிறேம் பழைய இரும்புக்காரருக்குத்தான். வெல்டிங் பிடிக்கலாம் என்று சொல்வார்கள். ஒட்டின சூட்டில் பக்கத்து இடம் பலம் இழக்கும், திரும்ப உறுதியேற்ற சூளை வேண்டும். இங்கே அதை யார் செய்வது?

நல்ல பிறேம் என்றால் தின்னரால் துடைத்து, அன்றைக்கே அலுமினியத்துக்கென்று விற்கிற பிறைமரை அடியுங்கள். கேற்றுக்கு அடிக்கிற சிவப்புப் பிறைமர் இதில் சரியாகப் பிடிக்காது. பிறகு மெல்லிய மெல்லிய பூச்சாக நிறம். சோளகம் தூசை அள்ளிவரும் காலத்தில் விடியற்காலை அடிப்பதுதான் புத்தி.

இந்த வன்னியில் சைக்கிள் விளையாட்டுச் சாமான் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ சுற்றி றேடியோ கேட்ட மண் இது. 1990 ஒக்ரோபரில் எங்கள் வாப்பாமார் விட்டுப்போனதிலும் சைக்கிள் இருந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் உங்கள் அப்பாமார் விட்டுவந்ததிலும் சைக்கிள் இருந்தது. திரும்பி வந்தபின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அதுதான்.

ஆகவே கடைக்காரச் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயின்ற் அடித்து விற்றால் அடித்தது என்று சொல்லி விற்கவும். வெடித்ததைப் பிரித்துப் பாகங்களாக விற்கவும். அதிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். தவணைக்கு ஒரு நாள் பிள்ளைகளின் சைக்கிள்களைப் பரிசோதிக்க ஒதுக்குங்கள். செயன்முறைத் தொழினுட்பத் திறன் பாடத்துக்கு இதைவிட நல்ல செயன்முறை என்ன இருக்கிறது? செலவு ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு பெட்டி வெண்கட்டியும்தான்.

அந்த மாணவன் இப்போது அப்பப்பாவின் பழைய இரும்புச் சைக்கிளில் வருகிறான். பாரம்தான், ஆனால் உறுதி. நீலம் அதற்குத்தான் அடித்தோம்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில்தான் நிற்பேன். தெரிந்தவர்கள் பிள்ளைகளின் சைக்கிளைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். காசு வேண்டாம்.