கைதட்டலும் அடுக்களையும்

ஆர்ஜென்ரீனா நாட்டிலே இனியதொரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலே உற்றார் உறவினர் ஒரு வீட்டில் ஒன்றுகூடுவர். வீட்டுக்குரியவர் முற்றத்திலே தணல் மூட்டி மாட்டிறைச்சியை வாட்டிப் பரிமாறுவார். 'அசாதோ' என்பது இதன் பெயர். அவ்வுணவையும் அதற்கெனக் கூடும் விருந்தையும் அந்த ஒரு சொல்லே குறிக்கும். நமக்கு மார்கழிப் பனி பெய்யும் காலம் அவர்களுக்குக் கோடை. ஆதலால் அந்நாட்களில் இவ்விருந்து மரநிழலிலே மாலைவரை நீடிக்கும்.

இதன் செய்ந்நேர்த்தி முழுதும் பொறுமையிலே தங்கியுள்ளது. 'கோடரியை முறிப்பது' என்று பொருள்படும் கெப்ராச்சோ என்னும் வன்மரத்தின் விறகையோ கரியையோ எரிப்பர். சுவாலை அடங்கித் தணலான பின்னரே அதனை இரும்புத் தட்டியின் கீழே பரப்புவர். தட்டிக்குமேல் கையை நீட்டி வெம்மையை மதிப்பிடுவாரும் உளர். இறைச்சிக்கு உப்பு ஒன்றே போதும். விலா எலும்போடு சேர்ந்த துண்டங்கள் பதமாக இரண்டு மணி நேரம் செல்லும். அவ்வளவு நேரமும் சமைப்பவர் விருந்தினர் நடுவிலேயே நின்று உரையாடிக்கொண்டிருப்பார். உணவு மேசைக்கு வந்ததும், "சுட்டவருக்கு ஒரு கைதட்டல்!" என ஒருவர் குரல் கொடுக்க, யாவரும் கைதட்டுவர். உண்டு முடிந்த பின்னும் எவரும் உடனே எழுவதில்லை. மேசையைச் சூழ்ந்திருந்து அளவளாவும் அப்பொழுதுக்குச் 'சொப்ரமேசா' எனத் தனிப்பெயரே வைத்துள்ளனர்.

விருந்தளிப்பவரின் உழைப்பு விருந்தினரின் கண்முன்னே நிகழ்வதும், அதற்கு அங்கேயே நன்றி கூறப்படுவதும் போற்றத்தக்கனவே. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. காய்கறி அரிந்தவர் யார்? கிழங்கு அவித்தவர் யார்? குழந்தைகளுக்கு ஊட்டியவரும், எல்லாரும் உண்டபின் பாத்திரம் கழுவியவரும் யாவர்? வழக்கமாக அவர்கள் அவ்வீட்டுப் பெண்கள். கைதட்டலோ தணலருகே நின்ற ஆடவனுக்கு.

இதற்கு வரலாற்றிலே காரணம் உண்டு. பம்பாஸ் புல்வெளியிலே மாடு மேய்த்துத் திரிந்த 'கௌச்சோ' என்னும் குதிரைவீரரின் உணவு இது. அவருக்கு அடுக்களை இருந்ததில்லை. தாமே தீ மூட்டித் தாமே சுட்டு உண்டனர். அவ்வழக்கம் வீட்டு முற்றத்துக்கு வந்தபோது ஆடவன் தீயின் பெருமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். வீட்டு விருந்துக்கே உரிய ஏனைய வேலைகள் பெண்ணின் தலையிலே விழுந்தன.

அந்நாட்டாரை நோக்கி நகைக்க நமக்கு உரிமை இல்லை. நம் வீடுகளிலே விருந்தினர் விறாந்தையில் இருக்க, இல்லத்தரசி குசினிப் புகையிலே நிற்கின்றாள். அவர்கள் உண்டு விடைபெறும்போதுதான் அவள் முகம் வெளியே தெரிகின்றது. கைதட்டல்கூட இங்கே இல்லை.

விருந்தோம்பல் பெண்ணுக்குப் பெருமையன்றோ எனச் சிலர் வினவலாம். பெருமைதான். கோவலன் பிரிந்திருந்த நாட்களிலே விருந்து எதிர்கொள்ளும் அறத்தை இழந்தமைக்காகக் கண்ணகி வருந்தினாள் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கணவன் உடனில்லாமல் அவ்வறம் நிறைவேறவில்லை என்பதன்றோ அவள் துயரம்? இருவர்க்கும் பொதுவான அறத்தின் பாரத்தை ஒருத்தியின் தோளிலே ஏற்றிவிட்டு அதற்குப் பெருமை என்று பெயரிடுவது நேர்மையாகாது.

1956ஆம் ஆண்டளவிலே ஆர்ஜென்ரீனாவில் ஆளொருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ மாட்டிறைச்சி உண்டனர். இன்று அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. எனினும் ஞாயிறு விருந்து நின்றுவிடவில்லை. உறவினரை அங்கே கூட்டுவது இறைச்சியின் மிகுதி அன்று என்பது இதனால் விளங்கும். இறைச்சி குறைந்தும் நிலைத்த விருந்து, வேலையைப் பகிர்ந்துகொள்வதால் மட்டும் கெட்டுவிடுமா?

கைதட்டலை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. கைதட்டிய கைகளுட் சில எழுந்து சென்று பாத்திரத்தையும் கழுவட்டும். அப்பொழுதுதான் வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே மேசையைச் சூழ்ந்திருந்து பேச இயலும்.